“கேஸ் இறங்கிடுச்சு டீச்சர்”

போன மாதம் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டி படுத்துவிட்டது. சுங்கை சிப்புட்டில், லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறோம். மேல் தட்டில் மீன் கல்லாக உறைந்து கிடக்கிறது. கீழ்த் தட்டிலோ தோசை மாவு பொங்கி வழிகிறது. டவுனிலிருந்து ஒருவரை வரச் சொன்னோம். கதவைத் திறந்தார், கையை உள்ளே விட்டுப் பார்த்தார், “கேஸ் இறங்கிடுச்சு டீச்சர், 200 வெள்ளி ஆகும்” என்றார். பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லோரியில் ஏற்றிக்கொண்டு போய், இரண்டு நாள் கடையில் வைத்திருந்து, திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு வாரம் ஜோராக ஓடியது. அப்புறம் மறுபடியும் மாவு பொங்கியது.

ஈப்போவில் இருக்கும் சின்ன மாமாவுக்கு இந்த வேலை கொஞ்சம் தெரியும். போனில் இரண்டே கேள்வி கேட்டார். “மேல் தட்டு உறையுதா? கதவைச் சாத்தினப்புறம் உள்ளே ஃபேன் சத்தம் கேட்குதா?” உறைகிறது, சத்தமும் கேட்கிறது, ஆனால் எதிலோ உரசுகிற மாதிரி இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டார். கேஸ் இறங்கியிருந்தால் மேலே மீன் எப்படிக் கல்லாகும்?

அவர் சொன்னது இதுதான். எங்களுடையது போன்ற இரண்டு கதவுப் பெட்டியில் குளிர்க் குழாய் மேல் தட்டின் பின்பலகைக்குள் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் குளிரை ஒரு சின்ன ஃபேன் கீழே தள்ளுகிறது. குழாயில் படியும் பனியை அவ்வப்போது உருக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டரோ அதன் சென்சாரோ செத்துப்போனால் பனி ஏறி ஏறி வழியை அடைத்துவிடும், கீழே காற்று வராது. கேஸ் மோட்டோவுக்கு ஊற்றும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடின குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையைப் பார்க்காமல் கேஸ் அடைத்தால் அது வெறும் செலவு. எங்கள் பெட்டிக்கு நடந்த வைத்தியம் கேஸ் இல்லை. இரண்டு நாள் பிளக் இல்லாமல் கிடந்ததில் பனி தானாக உருகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையை 200 வெள்ளி கொடுக்காமல் வீட்டிலேயே செய்திருக்கலாம். சாமான்களை எடுத்துவிட்டு, பிளக்கை உருவி, கதவைத் திறந்து 24 மணி நேரம் போட்டு வைக்க வேண்டும். கீழே பழைய துணி. மறுபடி ஓட்டும்போது சில நாள் நன்றாக இருந்து திரும்பப் படுத்தால் பனி உருக்கும் பாகத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. அதற்குமேல் பின்பலகையைக் கழற்றுவது என் வேலை இல்லை. மாமா அனுப்பிய ஆள் உள்ளேயிருந்த சின்ன ஃபியூஸ் ஒன்றை மாற்றினார், கூலியோடு 90 வெள்ளி.

கதவு ரப்பரைப் பார்க்க ஒரு தாளைக் கதவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சும்மா வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. ஒரு வெள்ளி நோட்டு வேண்டாம், பிளாஸ்டிக் நோட்டு எதிலும் வழுக்கும்!

* * *

டீச்சர், உங்கள் கதையைப் படித்தேன். எனக்கு நடந்தது வாஷிங் மிஷினில். செம்பனைத் தோட்டத்துப் பழைய வீடு எங்களுடையது. மெயின் போர்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச், விழுந்துகொண்டே இருந்தது. மழை ஈரம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், “அதைத் தாண்டி நேரா கனெக்‌ஷன் கொடுத்துடலாம்பா” என்றார். அதைச் செய்யவில்லை என்பதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் உருவினேன். கவனியுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் எங்காவது மிஷின் பாடியில் பட்டிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் விழும். உருவியபின் ஆர்சிசிபி விழாமல் நின்றது. ஒவ்வொன்றாகச் செருகினேன், வாஷிங் மிஷினைச் செருகியதும் டக்கென்று விழுந்தது. சாய்த்துப் பார்த்தால் அடியில் எலி வயரைக் கடித்து வைத்திருக்கிறது. தோட்டத்து எலிக்குச் சொல்லவா வேண்டும்.

தப்பு செய்தது இங்கேதான். டேப் சுற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் வீட்டுக்காரி ஈரக் கையோடு மிஷினைத் தொட்டு “கரண்ட் கிள்ளுது” என்றாள். அப்போதுதான் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டேன். சுவர் பிளக்கில் எர்த் வயர் சரியாகவே மாட்டப்படவில்லை, யார் கட்டிய வீடோ. எத்தனை வருடம் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. எல்லா பிளக்கையும் உருவியும் ஆர்சிசிபி விழுந்தால், இல்லை பாடியில் கரண்ட் கிள்ளினால், ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிடுங்கள். மாதம் ஒருதரம் அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் அதுவும் வயர்மேன் வேலைதான்.

* * *

என் கதையும் ஒன்று. எங்கள் மாமியார் ஒரு கதவு ஐஸ்பெட்டியில் பனியைக் கத்தியால் குத்தினார். உஸ்ஸ் என்று ஒரு சத்தம், பெட்டி போச்சு. நல்லவேளை குசினியில் அடுப்பு எரியவில்லை. இப்போது வரும் பல பெட்டிகளில் ஆர்600ஏ என்ற வாயு இருக்கிறது, தீப்பிடிக்கும். பழைய இரும்புக்காரர் 15 வெள்ளி கொடுத்தார்.

* * *

நான் இந்த ரிப்பேர் வேலை பார்ப்பவன். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை டீச்சர், ஆனாலும் நீங்கள் சொன்ன கதை புதிதில்லை. போனில் “மிஷின் ஓடல” என்று மட்டும் சொன்னால் நான் என்ன சாமானைத் தூக்கிக்கொண்டு வருவது? மாடல் நம்பர், எப்போதிருந்து, இடி இடித்த அன்றா, என்ன சத்தம், என்ன வாடை, இவ்வளவையும் சொல்லுங்கள். முடிந்தால் வீடியோ எடுத்து அனுப்புங்கள். பாதி நேரம் போனிலேயே முடிந்துவிடும். வாஷிங் மிஷினில் தண்ணீர் மெதுவாக ஏறுகிறது என்பார்கள். பைப்பை மூடி, ஹோஸைக் கழற்றி, தண்ணீர் நுழையும் வாயிலிருக்கும் சின்ன வலையைப் பிரஷ்ஷால் தேய்த்தால் சரி. சீலிங் ஃபேன் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறதா, அனேகமாக அதைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சாமான் விலை சொற்பம். மைக்ரோவேவை மட்டும் யாரும் திறக்காதீர்கள், பிளக்கை உருவின பிறகும் உள்ளே கரண்ட் அடிக்கும்.

காசு கொடுக்கும்முன் கழற்றின பழைய பாகத்தைக் கேளுங்கள், ரசீதும் கேளுங்கள். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளிவரை விசாரிக்கிறார்கள்.

* * *

நன்றி அண்ணே. ரசீது கேட்கவே தோன்றவில்லை, பழைய பாகம் என்று ஒன்று இருந்தால்தானே அதைக் கேட்பதற்கு. போன ஞாயிறு பாசாரில் அந்த முதல் ஆளைப் பார்த்தேன். “ஐஸ்பெட்டி எப்படி ஓடுது டீச்சர்?” என்று அவரே கேட்டார். “நல்லா ஓடுது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.