ஓலிங்க் புரோட்டீன் டேட்டாவை ஜீவாஸ் ரிசல்ட்டோட சேர்க்குறது எப்படி?

தறிநூல்:
எம்எஸ்சி ப்ராஜெக்ட். ஓலிங்க்னா ஆன்டிபாடி வச்சு ரத்தத்துல புரோட்டீன்களை அளக்குற முறை, ஜீவாஸ்னா (GWAS) எந்த மரபணு மாற்றம் எந்த நோயோட சேர்ந்து வருதுன்னு ஜீனோம் முழுக்கத் தேடுற ஆய்வு. ஜீன் பேரை வச்சு மெர்ஜ் பண்ணா கொஞ்சம் புரோட்டீன் காணாமப் போகுது, அதோட இதய நோய்க்கு ஐஎல்6ஆர் (IL6R, அழற்சி சிக்னலை வாங்குற ரிசெப்டர் புரோட்டீன்) தலைகீழா காட்டுது, ரத்தத்துல அது கூடுனா நோய் குறையுதாம்! ஆனா டோசிலிசுமாப் மருந்து அதைத் தடுத்துதானே அழற்சியைக் குறைக்குது?

வெண்டைக்காய்65:
ஜீன் பேர் வேணாம் ப்ரோ, யூனிப்ராட் ஐடி (புரோட்டீன் டேட்டாபேஸ்ல ஒவ்வொரு புரோட்டீனுக்கும் இருக்குற அடையாள எண்) வச்சுச் சேர்த்துடுங்க. எக்செல்ல திறந்து சேவ் பண்ண ஃபைல்னா மார்ச்1, செப்ட்2ங்கிற ஜீன் பேரெல்லாம் தேதியா மாறிருக்கும், இந்தத் தொல்லைக்காகவே 2020ல அந்த ஜீன்களுக்குப் பேரையே மாத்திட்டாங்க, ஒரு ஃபைல்ல பழைய பேரு இன்னொண்ணுல புதுசுன்னா எப்படி ஒட்டும்?

மைக்ரோபிப்பெட்:
ஐஎல்6ஆர் சரியாத்தான் காட்டுது தம்பி. இந்தப் புரோட்டீன்ல 358வது இடத்துல அலனின்ங்கிற அமினோ அமிலம் வர்ற வேரியன்ட் (மரபணு மாற்றம்) இருந்தா ரிசெப்டர் செல் மேல நிக்காம அதிகமா கழண்டு ரத்தத்துல கலந்துடும், அதான் ரத்தத்துல கூடுது, செல் மேல குறையுது, சிக்னலும் குறையுது. சிஆர்பி (CRP, அழற்சியைக் காட்டுற ரத்தப் புரோட்டீன்) அளவையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, இறங்கியிருக்கும். பிளாஸ்மா நம்பரை மட்டும் நம்பி மருந்து டார்கெட் சொல்றவங்க இங்கதான் சறுக்குவாங்க.

சும்மாஒருத்தன்:
+1. மிஸ்சென்ஸ் வேரியன்ட்னாலே (புரோட்டீன்ல ஒரு அமினோ அமிலத்தை மாத்துறது) உஷாரா இருங்க, ஆன்டிபாடி ஒட்டுற இடமே மாறிட்டா புரோட்டீன் அளவு குறைஞ்ச மாதிரி பொய்யா காட்டும். யூகே பயோபேங்க் ஆய்வுல 50,000 பேருக்கு மேல ஓலிங்க்ல அளந்திருக்காங்க, ஐஸ்லாந்து டீகோட் கம்பெனி ஆய்வுல 35,000 பேருக்கு மேல சோமாஸ்கேன், அது ஆன்டிபாடிக்குப் பதிலா ஆப்டமர்ல (புரோட்டீன்ல ஒட்டுற சின்ன டிஎன்ஏ இழை) அளக்குறது. ரெண்டுலயும் ஒரே சிக்னல் வருதான்னு பாத்துட்டு அப்புறம் கோலோகலைசேஷன் (புரோட்டீன் அளவுக்கும் நோய்க்கும் ஒரே வேரியன்ட்தான் காரணமான்னு பாக்குற டெஸ்ட்) ஓட்டுங்க.