தேடியதும் கிடைக்கும் பெயரா, கூட்டத்தில் கலந்துவிடும் பெயரா?

கேள்வி

இன்னும் இரண்டு மாதங்களில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. பெண்ணாக இருந்தால் யாழினி என்று பெயரிட நானும் என் கணவரும் ஏறத்தாழ முடிவு செய்திருந்தோம். சென்ற வாரம் அவர் அந்தப் பெயரைத் தேடுபொறியில் இட்டுப் பார்த்தார். அதே பெயருடைய பலர் பக்கம் பக்கமாக வந்தார்கள். அந்தப் பெயரிலான இணைய முகவரியையும் எவரோ முன்பே பதிவு செய்திருந்தார்கள். அன்றிலிருந்து அவர், வேறு எவருக்குமே இல்லாத ஒரு பெயரை நாமே உருவாக்கி, அதற்குரிய இணைய முகவரியையும் மின்னஞ்சலையும் இப்போதே எடுத்து வைத்துவிட வேண்டும் என்கிறார். எனக்கோ, அவள் வளர்ந்த பிறகு எவர் அந்தப் பெயரைத் தேடினாலும் அவள் ஒருத்தி மட்டுமே வந்து நிற்பாள் என்பது அச்சமாக இருக்கிறது. இரண்டில் எதை அனுபவித்தவர்களாக இருந்தாலும், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி 1

உங்கள் அச்சம் நியாயமானது. என் பெயர் என் பெற்றோர் இரண்டு சொற்களை இணைத்து உருவாக்கியது. நான் அறிந்தவரை இந்தப் பெயரில் வேறு எவரும் இல்லை. பதினாறு வயதில், எனக்கிருந்த ஒரு நோயைப் பற்றி, பொதுவில் எவரும் படிக்கக்கூடிய ஓர் இடத்தில், சொந்தப் பெயரிலேயே மனம்விட்டு எழுதிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு வேலைக்கான நேர்காணலில், எதிரே அமர்ந்திருந்தவர் நான் சொல்லாத அந்த நோயைப் பற்றி மென்மையாக விசாரித்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவு என் கையைவிட்டுப் போயிருந்தது.

பெயர் எவ்வளவு வலுவான திறவுகோல் என்பதற்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 மே மாதம் கூகுள் தொடர்பான வழக்கில் அளித்த தீர்ப்பையே பார்க்கலாம். ஒருவரின் பெயரை இட்டுத் தேடும்போது வரும், காலாவதியான அல்லது பொருத்தமற்ற இணைப்புகளை நீக்கும்படி அவர் தேடுபொறியைக் கேட்கலாம் என்று அது கூறியது. மூலப் பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. பெயருக்கும் பக்கத்துக்கும் இடையிலான கண்ணியைத்தான் தீர்ப்பு அறுத்தது. அந்த உரிமை எல்லா நாடுகளிலும் கிடையாது. பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு பெயர், எந்தச் சட்டத்தின் உதவியும் இல்லாமல், அந்தக் கண்ணியைத் தொடக்கத்திலேயே தளர்த்தி வைத்துவிடுகிறது.

மறுமொழி 2

நான் மறுபக்கத்தில் இருந்து எழுதுகிறேன். என் பெயர் மிகவும் பரவலானது. அதே பெயரும் ஏறத்தாழ அதே வயதும் கொண்ட ஒருவர் மோசடி வழக்கில் சிக்கியபோது, வீடு வாடகைக்குக் கேட்ட இடத்தில் நான் அவரல்லர் என்று விளக்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் கலப்பது பாதுகாப்புத்தான். ஆனால் கூட்டத்தில் எவர் இருப்பார் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

ஆயினும் உங்கள் கணவரின் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் தனித்துத் தெரிய வேண்டிய தேவை வரும்போது அதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஆய்வாளர்களிடையே இந்தப் பெயர்க்குழப்பம் எவ்வளவு பெரிதாக இருந்ததென்றால், 2012-இல் ஆர்க்கிட் என்ற அமைப்பு தொடங்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் 16 இலக்க அடையாள எண் வழங்கப்படுகிறது. மற்றவர்கள் பெயரோடு இன்னொரு பெயரையோ தொழிலையோ சேர்த்துக்கொள்கிறார்கள். பொதுவான பெயரைக் கொண்டவள் பிறகு தன்னைத் தனித்துக் காட்டலாம். உலகில் வேறு எவருக்கும் இல்லாத பெயரைக் கொண்டவளுக்கு, பெயரையே மாற்றாமல் மறைந்துகொள்ள வழியில்லை.

மறுமொழி 3

தரவுத்தளங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில், பெயரைவிட அதன் எழுத்துக்கூட்டலைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். யாழினி என்பதில் உள்ள ழகரத்தை ரோமன் எழுத்தில் இசட், எச் சேர்த்து எழுதுவோரும் உண்டு. வெறும் எல் இட்டு எழுதுவோரும் உண்டு. யா என்பதற்கு ஏ ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பதிலும் ஒருமை இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று போனால், கணினிக்கு அவர்கள் மூன்று பேர். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயர் ரோமன் பெரிய எழுத்துகளில் மட்டுமே இடம்பெறும். முழுப் பெயருக்கு அங்கே 39 இடங்கள்தான், மீறினால் பெயர் வெட்டப்படும். எந்த எழுத்துக்கூட்டல் என்பதைப் பிறக்கும் முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். அந்த ரோமன் வடிவத்துக்குள் வேறு மொழியின் தகாத சொல் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊரின் பெயருக்குள் அப்படி ஒரு சொல் இருந்ததால், 1996-இல் அவ்வூர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்கே தொடங்க முடியாமல் போயிற்று.

எவருக்கும் இல்லாத பெயர் கடைசிவரை அப்படியே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அலெக்சா என்ற பெயரைக் குழந்தைக்கு வைத்தவர்களுக்கு, 2014-இல் அமேசான் தன் குரல் உதவியாளருக்கு அதே பெயரை இடும் என்று தெரிந்திருக்காது.

முன்கூட்டியே பதிவு செய்வதைப் பற்றி: டாட் காம் முகவரியை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் எடுக்க முடியும், புதுப்பிக்க மறந்தால் எவரும் எடுத்துக்கொள்ளலாம். மின்னஞ்சலில் இன்னும் கவனம் வேண்டும். 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. நீக்கப்பட்ட ஜிமெயில் முகவரியை எவரும் மீண்டும் பெற முடியாது. அவளுக்காகப் பூட்டி வைத்த முகவரியே அவளுக்குக் கிடைக்காமல் போகலாம். பெரும்பாலான சேவைகள் 13 வயதைக் குறைந்தபட்சமாக வைத்திருப்பதால், பொய்யான பிறந்த நாளை இட்டுக் கணக்குத் தொடங்காதீர்கள். பெற்றோரின் மேற்பார்வையில் இயங்கும் சிறுவர் கணக்கு இருக்கிறது, அதுவே முறையானது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. உங்கள் மறுமொழிகளை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். வெட்டப்படும் பெயரையும் தொலைந்துபோகும் முகவரியையும் பற்றிக் கேட்டவர், முதல் மறுமொழியில் வந்த நேர்காணலைக் கேட்டதும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நாம் போடவிருந்த பிறப்பு அறிவிப்பில் முழுப் பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறதே" என்றார். அதை நான் யோசித்திருக்கவே இல்லை.

பெயர் யாழினியாகவே இருக்கட்டும், இசட், எச் சேர்த்த எழுத்துக்கூட்டலோடு. இணைய முகவரி இப்போது வேண்டாம். அறிவிப்பில் பெயரை விட்டுவிட்டு, நலமாகப் பிறந்தாள் என்பதை மட்டும் எழுதலாம் என்று இருக்கிறோம். உறவினர்கள் படங்களைப் பெயரோடு பகிராமல் இருக்க அவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது எங்களுக்கு மிஞ்சியிருக்கும் கவலை.