அகத்தி விமானத்தில் இருக்கை காலி, மாம்பழப் பெட்டிக்கு மட்டும் இடமில்லையா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
என் அத்தான் லட்சத்தீவின் அகத்தியில் கட்டட வேலையை மேற்பார்வை செய்கிறார். சென்ற ஏப்ரலில் அவரைப் பார்க்கக் கொச்சியில் விமானம் ஏறியபோது, முதலமடையில் வாங்கி, வைக்கோல் பரப்பிச் சணல் கயிற்றால் கட்டியிருந்த பத்துக் கிலோ மாம்பழப் பெட்டியை, எடை மிகுந்துவிட்டதென்று நிறுத்திவைத்துவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் எனக்குப் பின்னால் பல இருக்கைகள் காலி. இரண்டு நாள் கழித்துப் பெட்டி வந்தபோது பாதிப் பழம் குழைந்து, அடி அட்டை ஈரமாகியிருந்தது. ஆளில்லாத இடத்தில் சுமையை ஏற்ற என்ன தடை?

பதில் (பாலக்காடு):
ஐயா, இருக்கைக் கணக்கு வேறு, எடைக் கணக்கு வேறு. அகத்தியின் ஓடுபாதை ஏறத்தாழ 1,200 மீட்டர்தான். கொச்சியில் இருப்பதோ 3,400 மீட்டர். அங்கே போகும் ஏடிஆர் 72 விமானத்தில் எழுபது பேர் வரை அமரலாம் என்றாலும், முழு எடையோடு அவ்வளவு குறுகிய பாதையில் இறங்குவதும் ஏறுவதும் கடினம். வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவதால், மேலெழும்ப இன்னும் நீண்ட ஓட்டம் தேவைப்படும். லட்சத்தீவில் வேறு விமான நிலையம் கிடையாது. மழை மறைத்து இறங்க முடியாமல் போனால் 450 கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டிக் கரைக்கே திரும்ப வேண்டும். அதற்கான எரிபொருள் செலவாகாமல் விமானத்திலேயே இருக்க, அந்த எடையோடுதான் அகத்தியில் இறங்குகிறார்கள். உங்கள் காலி இருக்கைகளின் எடையை அந்த எரிபொருள் எடுத்துக்கொண்டிருக்கும்.

பதில் (செங்கோட்டை):
விளக்கம் சரி. ஆனால் பயணச்சீட்டு வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாதையை நீட்டினால் என்ன?

பதில் (பாலக்காடு):
1988இல் நிலையம் திறந்தபோது வந்தவை சிறிய டோர்னியர் விமானங்கள். அவற்றுக்கு இந்த நீளம் போதும். தீவே ஏழெட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டை. தென்முனையில் பாதை முடிந்தால் கடல், அதற்கப்பால் ஆளில்லாத கல்பிட்டித் தீவு. அதையும் இணைத்து நீட்டலாம் என்ற யோசனை உண்டு. இடையில் பவளப்பாறை இருப்பதுதான் சிக்கல்.

கேட்டவர்:
நன்றி ஐயா. அடுத்த முறை பழுக்காத செங்காயாகப் பார்த்துக் கொச்சிக் கப்பலில் அனுப்புகிறேன். ஒரு நாளுக்குள் போய்விடும் என்று அத்தானும் சொல்கிறார்.