'ஏர்ப்ளேன்!' (1980): மூலப் படங்களை அறியாதவர்களையும் அது சிரிக்க வைப்பது எப்படி?

வினா

ஜிம் ஆபிரகாம்ஸ், டேவிட் சுக்கர், ஜெர்ரி சுக்கர் ஆகிய மூவர் எழுதி இயக்கிய 'ஏர்ப்ளேன்!' படத்தைக் கடந்த வாரம் கல்லூரியில் படிக்கும் என் மகளோடு மறுபடி பார்த்தேன். எழுபதுகளில் ஹாலிவுட்டில் வரிசையாக வந்த விமான விபத்துப் படங்களைப் பகடி செய்யும் படம் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லியிருந்தேன். அவளோ அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்தவள் அல்லள். ஆயினும் விழுந்து விழுந்து சிரித்தாள். தாம் கேலி செய்த படங்கள் மறக்கப்பட்டதும் பகடிப் படங்கள் பலவும் உயிரற்றுப் போவதைக் கண்டிருக்கிறேன். இந்தப் படம் மட்டும் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் நிற்பதற்குக் காரணம் என்னவென்று நண்பர்கள் கருதுகிறீர்கள்?

மறுமொழி 1

எழுபதுகளின் படங்களைவிட, 1957இல் வெளிவந்த 'ஜீரோ ஹவர்!' என்ற படமே இதற்கு நேரடியான மூலம். அது நகைச்சுவை சிறிதும் இல்லாத படம். போரில் தன் முடிவால் தோழர்களை இழந்த குற்றவுணர்வோடு வாழும் முன்னாள் விமானி ஒருவர், தாம் பயணம் செய்யும் விமானத்தின் விமானிகள் இருவரும் மீன் உணவு நஞ்சாகி மயங்கிவிட, அதைத் தாமே தரையிறக்க வேண்டிய நிலைக்கு ஆளாகிறார். மூவரும் அந்தப் படத்தின் உரிமையை முறைப்படி பெற்று, கதையை முழுவதுமாகவும், நாயகனின் பெயரை ஓரெழுத்து மட்டும் மாற்றியும், வசனங்களைப் பல இடங்களில் அப்படியேயும் எடுத்துக்கொண்டார்கள். விமானம் ஓட்டத் தெரிந்தவராகவும் இரவு மீன் சாப்பிடாதவராகவும் ஒருவரைக் கண்டுபிடிப்பதில்தான் அத்தனை பேரின் உயிரும் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும் இடம் இரண்டு படங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இதனால்தான் உங்கள் மகளுக்கு முன்னறிவு தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். விமானம் பத்திரமாக இறங்குமா என்ற கவலை அடியில் உண்மையாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சரடு அறாததால் எத்தனை துணுக்குகளையும் அதில் கோக்க முடிகிறது. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: திரையில் பறப்பது ஜெட் விமானம், காதில் விழுவதோ பழைய சுழல்விசிறி விமானத்தின் இரைச்சல். இயக்குநர்கள் மூலப் படத்தில் உள்ளதைப் போன்ற விமானத்தையே விரும்பினார்கள். ஸ்டூடியோ ஜெட்தான் வேண்டும் என்றது. அவர்கள் தங்கள் விருப்பத்தை ஒலியில் நிறைவேற்றிக்கொண்டார்கள்.

மறுமொழி 2

கதை பற்றி மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கதையைத் தாங்கியவர்கள் நடிகர்கள். லெஸ்லி நீல்சன், ராபர்ட் ஸ்டாக், லாயிட் பிரிட்ஜஸ், பீட்டர் கிரேவ்ஸ் ஆகியோர் அதுவரை கண்டிப்பான, கம்பீரமான வேடங்களுக்கே பெயர் பெற்றவர்கள். பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர்களைப் போடாமல் இவர்களைத் தேர்ந்தெடுத்ததுதான் மூவரும் செய்த மிகச் சிறந்த காரியம் என்பேன்.

நோயுற்ற பயணியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறார் மருத்துவராக வரும் நீல்சன். "மருத்துவமனையா? என்ன அது?" என்று விமானப் பணிப்பெண் பதறுகிறாள். "நோயாளிகள் இருக்கும் பெரிய கட்டடம். ஆனால் இப்போது அது முக்கியமில்லை" என்று அவர் பொறுமையாக விளக்குகிறார். அவருடைய முகத்தில் துளிச் சிரிப்பு எட்டிப் பார்த்திருந்தாலும் அந்த இடம் பாழாகியிருக்கும். உயிரைக் காப்பாற்றத் துடிக்கும் மருத்துவராகவே அவர் அந்தக் கணத்திலும் இருக்கிறார். எல்மர் பெர்ன்ஸ்டைனின் இசையும் அவ்வாறே, ஒரு பேரிடர்ப் படத்துக்கு உரிய பதற்றத்தோடு ஒலிக்கிறது. நீல்சனை நகைச்சுவை நடிகராக உலகம் அறிந்துகொண்டது இந்தப் படத்திற்குப் பிறகுதான். 1988இல் வந்த 'தி நேக்கட் கன்' படத்திலும் அவர் அதே பாதையைத் தொடர்ந்தார்.

மறுமொழி 3

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். படம் முழுவதும் நிலைத்துவிட்டது என்று சொல்ல இயலாது. அக்காலத்துக் காபி விளம்பரம் ஒன்றைக் கேலி செய்யும் இடம், அந்த விளம்பரத்தை அறியாத நமக்கு ஒன்றுமே சொல்வதில்லை. காக்பிட்டுக்கு வரும் சிறுவனிடம் கேப்டன் கேட்கும் கேள்விகள் எனக்கு உறுத்தலாகவே இருக்கின்றன. 'நிச்சயமாக' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை 'ஷெர்லி' என்ற பெண்பெயராகக் கொள்ளும் புகழ்பெற்ற சிலேடையைத் தமிழில் எவ்வளவு முயன்றும் கொண்டுவர முடியாது. மருத்துவமனைத் துணுக்கோ சேதாரமின்றி வந்துவிடுகிறது. ஆகவே சொல்லை நம்பியவை மொழியோடும் விளம்பரத்தை நம்பியவை காலத்தோடும் தங்கிவிட, மனிதர்களின் விடாப்பிடியான தீவிரத்தை நம்பியவை மட்டுமே நம்மிடம் வந்து சேர்கின்றன என்று தோன்றுகிறது.

அப்படியிருந்தும் படம் தளரவில்லை என்றால், அதன் அடர்த்தியே காரணம். ஒன்று வலுவிழந்தால் அதை நினைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. வாகனம் நிறுத்தும் இடம் பற்றி ஒலிபெருக்கியில் அறிவிக்கும் ஆணும் பெண்ணும் தங்கள் சொந்தச் சண்டையில் இறங்கிவிடுவதை நான் மூன்றாம் முறை பார்த்தபோதுதான் முழுமையாகக் கேட்டேன்.

வினா எழுப்பியவர்

மூவருக்கும் நன்றி. முதல் மறுமொழியைப் படித்தபின் 'ஜீரோ ஹவர்!' படத்தைத் தேடிப் பார்த்தோம். புகைப்பதை விடுவதற்குத் தவறான வாரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று ஓர் அதிகாரி கவலையோடு சொல்லும் வசனம் அதிலேயே இருக்கிறது. 'ஏர்ப்ளேன்!' அதை வாங்கி மதுவுக்கும் அதற்கு அப்பாலும் நீட்டியிருக்கிறது. மூலத்தில் அது வேடிக்கையாக எழுதப்பட்ட வசனம் அன்று. என் மகள் அங்கேயே சிரித்துவிட்டாள். மீன் உணவு பரிமாறப்பட்டபோது நானும் சிரித்துவிட்டேன்.