மறு: உயர் அழுத்தக் காற்றுத் துப்பாக்கி – ‘அடைவளி’ என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உயர் அழுத்தத்தில் அடைத்த காற்றால் சுடும் துப்பாக்கிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மூன்று நாளாக நம் குழுவில் நடக்கும் இந்தப் பேச்சை நேற்றிரவு முதல் மடலிலிருந்து மறுபடி படித்தேன். சொல்லைத் தொடுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் வந்தவர்கள் சிலர் இதைப் பலூன் சுடும் துப்பாக்கியோடு குழப்பிக்கொண்டது தெரிகிறது.

மெரினாவில் பலூன் சுடக் கொடுக்கிறார்களே, அதில் காற்றைச் சேமித்து வைப்பதே இல்லை. குழலை மடக்கும்போது ஒரு சுருள்வில் இறுகுகிறது. விசையை இழுத்ததும் வில் பாய்ந்து அந்த நொடியில் காற்றை அமுக்குகிறது. நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் கையேடு வேறு வகையைப் பற்றியது. கியூபி 78 என்ற விலை மலிவான சீனத் துப்பாக்கி. 1950களில் அமெரிக்காவில் வந்த கிராஸ்மன் 160-ஐப் பார்த்துச் செய்தது. 12 கிராம் கரியமில வாயுக் குப்பிகள் இரண்டைப் போட்டுச் சுடுவது. இதை வாங்கி, குப்பியை விலக்கிவிட்டு, உயர் அழுத்தக் காற்றில் ஓடும்படி மாற்றிக்கொள்கிறவர்கள் அமெரிக்காவில் நிறைய. அந்தக் காற்றுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> ‘உயர் அழுத்தக் காற்று’ என்றாலே எல்லோருக்கும் புரியுமே, ஐயா.

புரியும். வேறொன்றாகப் புரியும் என்பதுதான் என் கவலை. காற்று, அழுத்தம் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் தமிழ் வாசகர் மனம் வானிலை அறிக்கைக்குப் போய்விடுகிறது. ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ ஐப்பசி, கார்த்திகையில் நாள்தோறும் காதில் விழுகிற தொடர். ‘உயர் காற்றழுத்தத் துப்பாக்கி’ என்று என் முதல் வரைவில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் தம்பி மகள், “மழை வருமா பெரியப்பா?” என்று கேட்டாள். அன்றே அதை அடித்துவிட்டேன்.

இன்னொரு குறையும் உண்டு. ‘உயர்’ என்றால் எவ்வளவு உயர்? பஞ்சர் கடை கம்ப்ரெஸரில் 8, 10 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும்; கடைக்காரருக்கு அதுவே உயர் அழுத்தம். நாம் பேசுவது 200 பார். அளவைச் சொல்லுக்குள் திணிப்பதைவிட, அந்தக் காற்றின் குணத்தைச் சொல்லில் கொண்டுவருவது நல்லது.

அந்தக் குணத்தை விளக்க நம் சமையலறையே போதும். வீட்டு கேஸ் சிலிண்டரில் இருப்பது திரவம். அடியில் கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை அடுப்பு ஒரே மாதிரி எரியும். தீரப்போவது தெரியாது, ஆட்டிப் பார்க்கிறோம், தூக்கிப் பார்க்கிறோம். கரியமில வாயுக் குப்பியும் அப்படித்தான். 20 டிகிரி வெப்பத்தில் உள்ளே சுமார் 57 பார். சுடச்சுட திரவம் ஆவியாகி அந்த அழுத்தத்தை ஈடுகட்டிக்கொண்டே வரும். ஆனால் வெப்பம் மாறினால் அழுத்தமும் மாறும். 0 டிகிரியில் 35 பாருக்கு இறங்கிவிடும். அடுத்தடுத்து வேகமாகச் சுட்டாலே குப்பி சில்லிட்டு வேகம் குறையும். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று தனியாக ஒன்று நிற்காது. நம் ஊர் சித்திரை வெயிலில் அழுத்தம் சரசரவென்று ஏறும்.

இனி சிஎன்ஜி ஆட்டோவைப் பாருங்கள். அதில் எரிவாயுவை 200 பார் வரை அமுக்கி நிரப்புகிறார்கள், திரவமாக்குவதில்லை. ஓட ஓட முள் இறங்கிக்கொண்டே வரும். துப்பாக்கியில் அடைக்கும் காற்றும் இதே வகை. அறை வெப்பத்தில் காற்றை எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. குளிருக்கு அஞ்சாது, ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆகவே நமக்கு வேண்டிய சொல் ‘திரவமாகாமல், அமுக்கி, முன்கூட்டியே அடைத்துவைத்த காற்று’ என்று பொருள் தரவேண்டும்.

வந்த பரிந்துரைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். ‘செறிகாற்று’ அழகு. ஆனால் வேதியியலில் செறிவு என்பது கரைசலுக்குப் போய்விட்டது. ‘திணிவளி’ என் நெஞ்சுக்கு நெருக்கமான சொல். புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலேயே மண் ‘திணிந்த’ நிலமும் வருகிறது, வளியும் வருகிறது. இருந்தாலும் தமிழ்நாட்டில் ‘திணிப்பு’ என்ற சொல்லுக்கு இருக்கும் கசப்பு சிறிதல்ல. ஒரு கருவியின் பெயரில் அந்தக் கசப்பு வேண்டாம்.

‘அடைகாற்று’ நானே சொன்னது. சேலத்து நண்பர் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். பேச்சில் காற்று ‘காத்து’ ஆகிவிடும்; ‘அடைகாத்து’ என்றால் கோழி முட்டைமேல் உட்கார்ந்துவிடுகிறது. அவர் சொன்னது முழுக்கச் சரி. பட்டறையில் புழங்கவேண்டிய சொல் வாயில் தேறவேண்டும்.

அந்த இடத்தில்தான் யாழ்ப்பாணத்து அக்காவின் மடல் கைகொடுத்தது. அங்கே பள்ளிப் பாடநூலில் காற்றை ‘வளி’ என்றே படிக்கிறார்கள். நாம் காற்றழுத்தம் என்பதை அவர்கள் ‘வளியமுக்கம்’ என்கிறார்கள். நமக்கும் வளிமண்டலம் தெரியும். ஆக, ‘அடைவளி’. குடிநீர், சுடுசோறு போல வினைத்தொகை. அடைத்த வளி, அடைக்கின்ற வளி, அடைக்கும் வளி மூன்றும் உள்ளே அடங்கும். முன்கூட்டியே நிரப்பியது என்பதைத் தனியாகச் சொல்ல ‘முன்’ என்று ஓர் ஒட்டும் தேவையில்லை.

இந்த ‘அடைத்துவைத்தல்’ பழைய வேலைதான். 1780 வாக்கில் ஆஸ்திரியப் படைக்கு ஜிரார்தோனி செய்துகொடுத்த துப்பாக்கியில் பின்கட்டையே காற்றுக் கலம். கைப்பம்பால் சுமார் 1,500 முறை அடித்தால்தான் நிரம்பும். அடைவளித் துப்பாக்கி என்ற பெயர் அதற்கும் பொருந்துகிறது, இன்றைய ஒலிம்பிக் 10 மீட்டர் துப்பாக்கிக்கும் பொருந்துகிறது. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பதக்கம் வாங்கும்போதெல்லாம் நம் நாளிதழ்கள் ‘ஏர் ரைபிள்’ என்று எழுதுகின்றன. அங்கே இந்தச் சொல் ஒருநாள் அச்சேறினால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை.

> மாற்றுவதற்கும் ஒரு கலைச்சொல் வேண்டாமா?

வேண்டாம் என்றே நினைக்கிறேன். ‘அடைவளிக்கு மாற்றுதல்’ போதும். பெட்ரோல் வண்டியை கேஸுக்கு மாற்றுகிறோம் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் எப்படி மாற்றுவது என்பதில் கையேடு மிகத் தெளிவாக இருக்கவேண்டும். குப்பிக்காகச் செய்த குழாயில் 200 பாரை நேராக விட்டால் வெடித்து ஆளையே கொல்லும். காற்றுக் கலத்தின் வாயில் ரெகுலேட்டர் வைத்துக் குப்பியின் அழுத்தத்தை ஒட்டி இறக்குவது ஒரு வழி. உயர் அழுத்தத்துக்கென்றே கட்டிய குழாய் இன்னொன்று. 2008-இல் வந்த பெஞ்சமின் டிஸ்கவரி என்ற துப்பாக்கி அப்படித்தான், 2,000 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 138 பார், அல்லது கரியமில வாயு, இரண்டிலும் ஓடும். பெட்ரோலிய எண்ணெயை அடைவளிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, திடீர் அழுத்தத்தில் தீப்பற்றும், சிலிக்கோன் மசகுதான். இந்தியாவில் படிப்பவர்களுக்காக 2016 ஆயுத விதிகளையும் முன்பக்கத்தில் சேர்க்கிறேன்: 20 ஜூல் தாண்டினாலோ குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போனாலோ உரிமம் வேண்டும்.

ரெகுலேட்டரை ரெகுலேட்டராகவே விட்டுவிடுவோம். அடுப்படியில் அந்தப் பெயர் ஊன்றிவிட்டது.

ஒன்றுதான் எனக்கு இன்னும் தீரவில்லை. கலத்தில் அழுத்தம் அளவுக்கு மேல் இருந்தால், அந்தக் காற்றே வால்வைப் பின்னாலிருந்து அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வால்வைத் தட்டித் திறக்க உள்ளே இருக்கும் சுத்தியல் அடித்தாலும் வால்வு அரைகுறையாகத்தான் திறக்கும். முதல் சில குண்டுகள் சோர்ந்து போகும். காற்று இறங்க இறங்க வேகம் ஏறி, பிறகு மறுபடி விழும். இதை ‘வால்வு அடைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், இதய மருத்துவமனை நினைவுதான் வருகிறது. மோட்டார் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். யோசிக்காமல், “வால்வு பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லுவோம்” என்றார். அதையே பெயராக்கி ‘வால்வுப் பிடிப்பு’ என்று வைக்க எண்ணம். மறுப்பிருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிறன்று அந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன்.

அன்புடன்.