திட்ட இடர் மேலாண்மைப் பயிற்சி: வகுப்பில் கற்றதில் வேலைக்கு உதவியவை

மென்பொருள் திட்ட மேலாளர் ஒருவர் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். இடர் மேலாண்மைக்கென்று தனியாக ஒரு பயிற்சி தேவையா, பி.எம்.ஐ.-ஆர்.எம்.பி. சான்றிதழால் வேலையில் ஏதேனும் மாற்றம் வருமா என்று பலர் கேட்பதால், அந்தப் பயிற்சியை முடித்துச் சான்றிதழும் பெற்றவன் என்ற முறையில் என் அனுபவத்தைப் பகிர்கிறேன். தேர்வைப் பற்றிய விவரங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் (பி.எம்.ஐ.) 2008இல் தொடங்கிய சான்றிதழ் இது. நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களிடம் கடந்த ஐந்தாண்டுகளுக்குள் 24 மாத இடர் மேலாண்மைப் பணி அனுபவமும் 30 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள். பட்டம் இல்லாதவர்களுக்கு அது 36 மாதம், 40 மணி நேரம். தேர்வில் 115 கேள்விகள், 150 நிமிடங்கள். தேர்ச்சி பெற்ற பிறகு மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை 30 தொழில் வளர்ச்சிப் புள்ளிகளைக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் எந்தக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. எங்கள் பயிற்சியாளர் முதல் வகுப்புக்கு வரும்போதே அவரவர் திட்டத்தில் வரக்கூடிய இடர்களைப் பட்டியலிடும் இடர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அவற்றிலிருந்து சில வரிகளைத் திட்டப் பெயர்களை மறைத்துத் திரையில் காட்டினார். "வெண்டர் தாமதம்", "ஆள் பற்றாக்குறை", "டேட்டா மைக்ரேஷன்" என்று எல்லாமே இரண்டு சொற்களில் முடிந்திருந்தன. ஒவ்வொன்றையும் காட்டி, "இது காரணமா, நிகழக்கூடியதா, நிகழ்ந்தால் வரும் விளைவா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனார். ஒரே வரிக்கு வகுப்பிலிருந்து மூன்று விதமான பதில்கள் வந்தன.

பிறகு "டேட்டா மைக்ரேஷன்" என்ற வரியை எல்லோருமாகத் திருத்தி எழுதினோம். "பழைய தரவுத்தளத்தின் ஆவணங்கள் முழுமையாக இல்லாததால், தரவை மாற்றும்போது வாடிக்கையாளர் பதிவுகளில் ஒரு பகுதி புதிய அமைப்பில் ஏறாமல் போகலாம், அப்படி நேர்ந்தால் இறுதிச் சோதனை மூன்று வாரம் வரை தள்ளிப்போகும்" என்பதே முடிவில் நின்ற வாக்கியம். முதல் பகுதி இன்றைக்கு உண்மையாக இருக்கும் நிலைமை. நடுப்பகுதி நிகழலாம், நிகழாமலும் போகலாம். கடைசிப் பகுதி திட்டத்தின் இலக்கைத் தொடுகிறது. ஐ.எஸ்.ஓ. 31000 தரநிலை இடரை 'இலக்குகளின்மீது நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவு' என்று வரையறுப்பதன் பொருள், அந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுமையாகப் பிடிபட்டது.

இப்படி எழுதுவதன் பயன், செய்ய வேண்டிய வேலை தானாகவே வெளியே தெரிந்துவிடுகிறது என்பதுதான். காரணத்தைக் குறைக்க வேண்டுமானால், பழைய அமைப்பை அறிந்தவரை இரண்டு வாரம் உட்கார வைத்து ஆவணங்களை முடிக்க வேண்டும். விளைவைக் குறைக்க வேண்டுமானால், சிறிய மாதிரித் தரவை வைத்து முன்கூட்டியே ஓர் ஒத்திகை ஓட்ட வேண்டும். "டேட்டா மைக்ரேஷன்" என்ற இரண்டு சொற்களிலிருந்து இந்த இரண்டு வேலைகளில் எதுவும் பிறந்திருக்காது. இதே பயிற்சியில் இன்னொன்றும் தெளிவானது: பதிவேடுகளில் இருந்த வரிகளில் பல, இடர்களே அல்ல, ஏற்கெனவே நடந்துவிட்ட பிரச்சினைகள். அவற்றுக்கு நிகழ்தகவு போடுவதில் பொருளில்லை, உடனே தீர்க்கத்தான் வேண்டும். பொறுப்பாளர் என்ற கட்டத்தில் "டீம்" என்று எழுதுவதையும் பயிற்சியாளர் ஏற்கவில்லை. ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும், அந்த மனிதருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும் என்றார்.

கட்டுமானத் திட்டங்களின் கால அட்டவணையைத் தயாரிக்கும் பொறியாளர் எழுதியது:

மேலே எழுதியிருக்கும் நண்பருக்கு நன்றி. சார், நீங்கள் வாக்கியத்தைப் பற்றி எழுதினீர்கள். நான் எண்களைப் பற்றி எழுதுகிறேன். ஏனென்றால் நான் சென்ற பயிற்சியில் என் வேலையை நேரடியாக மாற்றியது ஒரே ஒரு பெருக்கல் கணக்கு.

ஒரு கட்டடத்தின் இறுதி இயக்கச் சோதனை தொடங்க வேண்டுமானால், சிவில் வேலை, மின் வேலை, இயந்திரங்கள் வந்து சேர்வது ஆகிய மூன்றும் முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று குழுத் தலைவர்களும் "குறித்த தேதியில் முடிய 80 சதவீத வாய்ப்பு உண்டு" என்று நேர்மையாகச் சொல்கிறார்கள். கூட்டத்தில் இருப்பவர்கள் சோதனையும் 80 சதவீதம் உறுதி என்றே மனத்தில் குறித்துக்கொள்வார்கள். ஆனால் மூன்றும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், மூன்றுமே நேரத்தில் முடியும் வாய்ப்பு 0.8ஐ மூன்று முறை பெருக்கினால் கிடைக்கும் 0.512, அதாவது ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான். நான்காவதாக ஓர் அனுமதிச் சான்றிதழும் அதே 80 சதவீதத்தில் சேர்ந்தால் அது 41 சதவீதமாகிவிடுகிறது. பாதைகள், அதாவது அடுத்தடுத்து வரும் வேலைகளின் தொடர்கள், வந்து கூடும் இடத்தில்தான் அட்டவணைகள் உடைகின்றன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் உருவான, வேலைகளின் கால அளவைக் கணிக்கும் பெர்ட் முறையை நாம் எல்லோரும் படித்திருப்போம். மிகச் சாதகமான கால அளவு, நான்கால் பெருக்கிய இயல்பான கால அளவு, மிகப் பாதகமான கால அளவு ஆகியவற்றைக் கூட்டி ஆறால் வகுக்கும் முறை அது. மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு முக்கியப் பாதையை மட்டும் பின்தொடர்ந்து கூட்டுவதால், பாதைகள் கூடுமிடத்தில் ஏற்படும் இந்தத் தாமதத்தை அது கணக்கில் கொள்வதில்லை. ஒவ்வொரு வேலையின் கால அளவையும் தற்செயலாக மாற்றி மாற்றி எடுக்கும் மாண்டே கார்லோ முறையில் முழு அட்டவணையையும் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்க்கும்போது அது வெளிப்பட்டுவிடுகிறது. வகுப்பில் விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் இல்லாமல், எக்செல் தாளிலேயே சிறிய அட்டவணை ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். 50 சதவீத உறுதியுள்ள தேதிக்கும் 80 சதவீத உறுதியுள்ள தேதிக்கும் இடையே இருந்த இடைவெளியைக் காட்டி, தாமதத்துக்காகக் கூடுதலாக ஒதுக்கும் இருப்பு நாட்களை எவ்வளவு வைக்க வேண்டும் என்பதை நிர்வாகத்திடம் இந்த இடைவெளியை வைத்தே பேசுங்கள் என்றார்கள். அதுவரை "பத்து சதவீதம் கூடுதலாகப் போட்டுக்கொள்வோம்" என்பதே எல்லா இடங்களிலும் வழக்கமாக இருந்தது.

வகுப்பில் ஒருவர் நல்ல கேள்வி ஒன்றை எழுப்பினார்: கனமழை பெய்தால் மூன்று குழுக்களும் சேர்ந்துதானே பாதிக்கப்படும், பிறகு எப்படி அவை ஒன்றையொன்று சாராதவை ஆகும்? பொதுவான காரணம் இருந்தால் மூன்றும் சேர்ந்து நேரத்தில் முடியும் வாய்ப்பு 51 சதவீதத்தைவிடக் கூடும் என்பது உண்மையே. ஆனால் தவறும்போதும் எல்லாம் சேர்ந்தே தவறும், ஆகவே மொத்தச் செலவின் பரவல் மோசமான பக்கத்தில் இன்னும் நீளும் என்று பயிற்சியாளர் விளக்கினார். இந்தச் சார்பை மாதிரியில் சேர்க்காமல் விட்டால் கிடைக்கும் வரைபடம் பார்க்க அழகாகவும் நம்பத் தகாததாகவும் இருக்கும்.

பல பயிற்சிகள் இடர்களைத் தரம்பிரிக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் கட்டங்களோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. நிகழ்தகவுக்கு ஒன்று முதல் ஐந்து, தாக்கத்துக்கு ஒன்று முதல் ஐந்து என்று கொடுத்துப் பெருக்கினால், மிக அரிதாக நிகழ்ந்து திட்டத்தையே மூடிவிடக்கூடிய இடருக்கும் ஐந்து மதிப்பெண். அடிக்கடி நிகழ்ந்து ஒரு நாளை மட்டும் வீணாக்கும் தொல்லைக்கும் அதே ஐந்து மதிப்பெண். டோனி காக்ஸ் என்ற ஆய்வாளர் 2008இலேயே இத்தகைய கட்டங்களின் குறைபாடுகளைக் கணித முறையில் விளக்கி எழுதியிருக்கிறார். எதை முதலில் பேசுவது என்று முடிவுசெய்ய அந்தக் கட்டம் போதும். எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவுசெய்ய அது போதாது.

இடர் மேலாண்மைப் பயிற்சியாளர் ஒருவர் எழுதியது:

இருவர் எழுதியதையும் ஆர்வத்தோடு படித்தேன். நான் வகுப்பெடுக்கும் பக்கத்தில் இருப்பவன். வாக்கியமும் எண்ணும் சரியாக அமைந்த பிறகும் ஒரு தடை மீதமிருக்கிறது: இடரை அறிந்தவர் அறையில் இருப்பார், ஆனால் பேசமாட்டார்.

1986இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்து ஏழு பேர் இறந்த விபத்தை என் வகுப்பில் தவறாமல் எடுத்துக்கொள்வேன். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், ஓடத்தை இழக்க நேரும் வாய்ப்பைப் பற்றிய மதிப்பீடுகள் நூற்றில் ஒன்று முதல் லட்சத்தில் ஒன்று வரை வேறுபட்டதைப் பதிவு செய்தார். நூற்றில் ஒன்று என்ற அளவில் சொன்னவர்கள் பணியில் இருந்த பொறியாளர்கள். லட்சத்தில் ஒன்று என்ற அளவில் சொன்னவர்கள் நிர்வாகத்தினர். ஒரே நிறுவனத்துக்குள், ஒரே ஓடத்தைப் பற்றி ஆயிரம் மடங்கு வேறுபாடு இருந்திருக்கிறது. உங்கள் திட்டத்தில் வேலை செய்பவர்களும் அறிக்கை கேட்பவர்களும் தனித்தனியாக ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தால் என்ன வரும் என்று கேட்டு, உடனே எழுதவும் வைப்பேன்.

இந்தத் தடையை நீக்க எனக்கு மிகவும் உதவிய முறை, உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் எழுதிப் பரவலாக அறியப்பட்ட முன்கூட்டிய தோல்வி ஆய்வு. திட்டம் முடிந்து படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்பதைத் தாளில் ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். "என்ன தவறலாம்?" என்று கேட்டால், தலைவரின் திட்டத்தைக் குறை சொல்வதாகிவிடுமோ என்று தயங்குவார்கள், தோற்றுவிட்டது என்றே தொடங்கிவிட்டால், அதை விளக்குவது திறமையாகிவிடுகிறது. எழுதும் நேரத்தில் யாரும் பேசக் கூடாது என்பதும், வயதிலும் பதவியிலும் இளையவரே முதலில் வாசிக்க வேண்டும் என்பதும் என் வகுப்பில் விதி. மேலாளர் முதலில் வாசித்துவிட்டால் மற்றவர்களின் தாள்கள் அவரை ஒட்டியே திருத்தப்பட்டுவிடும்.

ஒரு வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சோதனையாளர் ஒருவர், "இறுதி ஒப்புதலில் கையெழுத்திட வேண்டிய அதிகாரி அதற்கு முன்பே பணி ஓய்வு பெறுகிறார்" என்று வாசித்தார். அறையில் இருந்த பலருக்கும் அந்த ஓய்வுத் தேதி தெரியும். அதைத் திட்டத்தின் தேதியோடு சேர்த்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அன்றே அந்த வரி, காரணமும் விளைவும் பொறுப்பாளரும் எழுதப்பட்டு, பதிவேட்டில் ஏறியது. இதை அந்த அலுவலகத்தின் குறையாக நான் சொல்லவில்லை. கேட்கும் முறை மாறாதவரை இப்படிப்பட்ட தகவல் எந்த அலுவலகத்திலும் மேலே வராது.

கொள்முதல் பிரிவில் பணிபுரிபவர் எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தவிர்த்தல், குறைத்தல், ஏற்றுக்கொள்ளுதல், பிறரிடம் மாற்றிவிடுதல் என்று பயிற்சியில் சொல்லித்தரும் வழிகளில், மாற்றிவிடுதலைத்தான் அலுவலகங்கள் மிக எளிதாக நம்புகின்றன. நிலையான விலைக்கு ஒப்பந்தம் போட்டு, தாமத அபராதமும் எழுதிவிட்டால், இடர் ஒப்பந்ததாரரிடம் போய்விட்டதாக நினைக்கிறோம். பணம் சார்ந்த பகுதி போகலாம்; தேதி நம்மிடமேதான் இருக்கிறது. அபராதத்தைத் தாங்க முடியாமல் ஒப்பந்ததாரர் பாதியில் விலகினால், நாம் செய்த ஏற்பாட்டிலிருந்தே புதிய இடர் பிறக்கிறது. எங்கள் பயிற்சியில் இடருக்காக நாம் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் அருகே "இதற்குப் பிறகு எஞ்சுவது என்ன, இதனால் புதிதாக வருவது என்ன" என்று இரண்டு கட்டங்களைச் சேர்க்க வைத்தார்கள். ஒப்பந்த வரைவைச் சட்டப் பிரிவுக்கு அனுப்புமுன் அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பியே அனுப்புகிறோம்.

முதலில் எழுதிய மென்பொருள் திட்ட மேலாளரின் பதில்:

அனைவருக்கும் நன்றி. பயிற்சியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் கட்டணம் கட்டுமுன், வகுப்பில் நம்முடைய பதிவேட்டை வைத்து வேலை செய்ய இடம் கொடுப்பார்களா என்றும், எண் சார்ந்த பகுதியில் நாமே ஓட்டிப் பார்க்கப் பயிற்சி உண்டா என்றும், வகுப்பு முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு முறையாவது பதிவேட்டைத் திரும்பப் பார்ப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். தேர்வுக்கான மாதிரிக் கேள்விகளை மட்டும் நடத்துபவர்களாக இருந்தால், தேர்வுக்குக் கேட்கும் பயிற்சி மணி நேரத்துக்கான சான்றுக்காகச் சேரலாம். வேலைக்காகச் சேர்வதாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். கொள்முதல் நண்பர் சொன்ன இரண்டு கட்டங்களையும் என் பதிவேட்டில் இன்றே சேர்க்கிறேன்.