கிரேனின் ஜாய்ஸ்டிக்கை மாற்றிய பிறகும் ஸ்லூயிங் (மேற்பகுதி சுழலும் அசைவு) பாதியில் நிற்கிறது: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

துவாஸ்_மெக்கானிக் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் கிரேன் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக மெக்கானிக்காக இருக்கிறேன். என் பொறுப்பில் உள்ள 60 டன் ரஃப் டெரெய்ன் கிரேன் இரண்டு மாதங்களாக என்னைப் படாதபாடு படுத்துகிறது. இடது ஜாய்ஸ்டிக்கால் பூமை (கிரேனின் நீண்ட கையை) திருப்பிக்கொண்டிருக்கும்போதே ஸ்லூயிங் நின்றுவிடுகிறது. பூமை நீட்டுவதும் சுருக்குவதும் அதோடு சேர்ந்து நின்றுவிடுகின்றன. வலது ஜாய்ஸ்டிக்கில் உள்ள ஹாயிஸ்ட் (சுமையை ஏற்றி இறக்குவது) மட்டும் ஒழுங்காக இயங்குகிறது. திரையில் இடது ஜாய்ஸ்டிக்கின் சிக்னல் பொருந்தவில்லை என்ற பிழை வருகிறது. சாவியை அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் ஓடும். பிறகு மறுபடியும் நிற்கும்.

மழை பெய்த நாள்களில்தான் இது அதிகம் வருகிறது. காலையில் வேலை தொடங்கும்போது ஒருமுறைகூட வந்ததில்லை. சென்ற மாதம் புதிய ஜாய்ஸ்டிக் வாங்கிப் பொருத்தினோம். ஐந்து நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆறாம் நாள் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது. இப்போது ஜாய்ஸ்டிக்கின் சிக்னலைப் படித்து அசைவுகளை இயக்கும் கண்ட்ரோலரை மாற்றலாம் என்று மேலாளர் சொல்கிறார். அதன் விலையைக் கேட்ட பிறகு, அனுபவமுள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஜூரோங்_எலக்ட்ரீஷியன்:

தம்பி, கண்ட்ரோலரை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. புதிய ஜாய்ஸ்டிக் ஐந்து நாள் ஓடியது என்றீர்கள் அல்லவா? அதைப் பொருத்துவதற்காகக் கனெக்டரைக் கழற்றி மறுபடியும் செருகியிருப்பீர்கள். அப்படிச் செய்யும்போது பின்கள் ஒன்றோடொன்று உரசி, மேலே படிந்திருந்த களிம்பு சற்று விலகி, சில நாள்களுக்கு நல்ல தொடர்பு கிடைக்கும். பழைய ஜாய்ஸ்டிக்கையே கழற்றி மாட்டியிருந்தாலும் ஐந்து நாள் ஓடியிருக்கும் என்பது என் ஊகம். கைபடும் பாகம் என்பதால் எல்லோரும் முதலில் ஜாய்ஸ்டிக்கின் மீதே பழியைப் போடுகிறோம்.

இப்போது அளவுக்கு வருவோம். ஹால் சென்சார் (காந்தப்புலத்தை வைத்துக் கைப்பிடியின் நிலையை அறியும் சென்சார்) உள்ள ஜாய்ஸ்டிக் பலவற்றில் 5 வோல்ட் மின்சாரம் உள்ளே போகிறது; ஒவ்வோர் அச்சுக்கும் இரண்டு சிக்னல்கள் வெளியே வருகின்றன. ஒன்று 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வரை ஏறும்போது மற்றொன்று 4.5 வோல்ட்டிலிருந்து 0.5 வரை இறங்கும் அமைப்பாக இருந்தால், கைப்பிடி எந்த நிலையில் இருந்தாலும் இரண்டின் கூட்டுத்தொகை 5 ஆகவே இருக்க வேண்டும். கைப்பிடி நடுநிலையில் இருக்கும்போது இரண்டும் 2.5 காட்டும். அந்தக் கூட்டுத்தொகை வரம்பை விட்டு விலகினால் கண்ட்ரோலர் எந்தச் சிக்னலையும் நம்பாமல் இயக்கத்தை நிறுத்திவிடுகிறது. உங்கள் திரையில் வரும் பிழையின் பொருள் பெரும்பாலும் இதுதான். உங்கள் கிரேனின் கையேட்டில் வேறு எண்கள் இருந்தால் அவற்றையே பின்பற்றுங்கள்.

பிழை வரும் நேரத்தில், சுமை எதுவும் இல்லாமல், கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக மெல்லிய புரோபை நுழைத்து இரண்டு சிக்னல்களையும் அளந்து பாருங்கள். வயரின் உறையைக் குத்தி அளக்க வேண்டாம். கடலோரக் காற்றில் அந்த ஓட்டையே நாளைக்கு இன்னொரு பழுதாகிவிடும். மீட்டரின் கறுப்பு முனையைக் கேபினின் இரும்பில் வைக்காமல் கண்ட்ரோலரின் 0 வோல்ட் பின்னில் வையுங்கள். ஒரே ஒரு சிக்னல் மட்டும் விலகினால் அந்தச் சென்சார் அல்லது அதன் வயர் மீது சந்தேகப்படலாம். இரண்டும் ஒரே திசையில் விலகினால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று பொருள். ஜாய்ஸ்டிக்கை எத்தனை முறை மாற்றினாலும் அது சரியாகாது.

உங்களுடையது கேன் பஸ் (இரண்டு வயர்களில் டிஜிட்டல் தகவலாக அனுப்பும்) ஜாய்ஸ்டிக்காக இருந்தால் இந்த அளவு உதவாது. அப்போது மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, கேன் ஹை, கேன் லோ வயர்களுக்கு இடையே ஓம் பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் ஏறக்குறைய 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது.

ஹைட்ராலிக்_பழனி:

எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எண்ணெய்ப் பக்கத்தையும் (ஹைட்ராலிக்ஸ்) அடியோடு மறந்துவிடக் கூடாது. அசைவு வெட்டி வெட்டி வருகிறது, ஆனால் திரையில் பிழை இல்லை என்றால், எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைக்கும் புரொப்போர்ஷனல் வால்வின் சோலனாய்டுக்கு, அதாவது அதை இயக்கும் மின்காந்தச் சுருளுக்கு, போகும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். மின்னோட்டம் சீராக இருந்தும் அசைவு வெட்டினால் ஸ்பூலில் (வால்வுக்குள் நகரும் தண்டில்) அழுக்கு இருக்கலாம், அல்லது பைலட் அழுத்தம் (அந்தத் தண்டை நகர்த்தும் எண்ணெய் அழுத்தம்) குறைந்திருக்கலாம். மின்னோட்டமே விழுந்தால் மின்பக்கம் போய்த் தேடலாம். நீங்கள் சொல்வதில் ஸ்லூயிங், பூம் நீட்டல் ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் நின்று, திரையிலும் பிழை வருகிறது. எனவே என் வால்வுகளுக்கு இதில் பங்கில்லை என்றே நினைக்கிறேன்.

லிஃப்டிங்_சூப்பர்வைசர்:

ஒரு கேள்வி. இத்தனை முறை நின்ற பிறகும் அந்தக் கிரேன் எப்படி வேலையில் இருக்கிறது? சுமை தொங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்லூயிங் நின்றால் அந்தச் சுமை ஊசலாடும். கீழே சுமையைக் கட்டும் ரிக்கர் நிற்பார். காரணம் தெரியும்வரை கிரேனை ஓரம் கட்டி, அறிவிப்புப் பலகையை மாட்டிவிடுங்கள். சாவியை அணைத்துப் போட்டுச் சமாளிக்கும் ஆப்பரேட்டரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். டெட்மேன் சுவிட்சையோ (கையை எடுத்தால் அசைவை நிறுத்துவது) ஆர்ம்ரெஸ்ட் சுவிட்சையோ 'சோதனைக்காக' என்று சொல்லி யாரும் ஜம்பர் (சுவிட்சைச் சுற்றிப் போகும் துண்டு வயர்) போட்டுவிட வேண்டாம்; அந்த ஜம்பர் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் மொபைல் கிரேனைப் பழுதுபார்க்க மனிதவள அமைச்சின் அங்கீகாரம் பெற்ற கிரேன் ஒப்பந்ததாரரால்தான் முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 12 மாதச் சோதனைக்கு வரும் அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகரிடம் இந்தப் பழுதையும், என்ன செய்தீர்கள் என்பதையும் இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மறுசோதனை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

துவாஸ்_மெக்கானிக்:

சூப்பர்வைசர் ஐயா சொன்னது உறைத்தது. நேற்று முதல் கிரேனை ஓரம் கட்டிவிட்டோம். நிறுத்தி வைத்த இடத்திலேயே இன்ஜினையும் ஏர்கானையும் ஓடவிட்டு அளந்தேன். காலை 8 மணிக்கு, கைப்பிடி நடுநிலையில், இரண்டு சிக்னல்களும் 2.5. மதியம் 2 மணிக்கு இரண்டும் 2.7. கூட்டுத்தொகை 5.4. மழை ஒரு துளிகூட இல்லை.

ஜூரோங்_எலக்ட்ரீஷியன்:

அருமையான அளவு. இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கின்றன. 0 வோல்ட் வயரின் வழியில் எங்கோ தடை கூடியிருக்கிறது. ஜாய்ஸ்டிக்கின் 0 வோல்ட் 0.4 ஆக உயர்ந்திருந்தால் அதற்குக் கிடைப்பது 4.6 வோல்ட்தான்; அதில் பாதி 2.3, அதனுடன் 0.4 சேர்ந்தால் 2.7. உங்கள் எண் அப்படியே வருகிறது. கண்ட்ரோலரின் 0 வோல்ட் பின்னுக்கும் ஜாய்ஸ்டிக்கின் 0 வோல்ட் பின்னுக்கும் இடையே, மின்சாரம் ஓடும்போதே, எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, இருக்கைக்கு அடியில் உள்ள ஒவ்வொரு கனெக்டரையும் மெல்ல அசையுங்கள். ஆர்ம்ரெஸ்ட் மடங்கும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள்; ஏறி இறங்கும்போதெல்லாம் மடங்கி மடங்கி அங்கேதான் வயர் உள்ளே அறுந்துபோகும். இன்னொன்று, ஏர்கான் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா?

துவாஸ்_மெக்கானிக்:

அண்ணே, அங்கேயேதான் இருந்தது. ஏர்கானின் வடிகுழாய் கிளிப்பிலிருந்து கழன்று, இருக்கைக்குக் கீழே உள்ள கனெக்டருக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டர் 0.4 காட்டியது, கனெக்டரை விரலால் அழுத்தியதும் 0.03க்கு இறங்கியது. கழற்றிப் பார்த்தால் 0 வோல்ட் பின் மட்டும் களிம்பேறிப் பச்சையாக இருந்தது, ரப்பர் சீல் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. மழைக்கும் இதற்கும் உள்ள தொடர்பும் புரிந்துவிட்டது. மின்னல் எச்சரிக்கை கேட்-1 (மின்னல் அபாயம் அதிகம் என்ற நிலை) வந்தால் தூக்கும் வேலை நின்றுவிடும். ஆப்பரேட்டர் ஏர்கானை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேபினிலேயே காத்திருப்பார். வெளியே பெய்த மழை கேபினுக்குள் வரவே இல்லை. சொட்டியது ஏர்கான் தண்ணீர்.

பின்னையும் சீலையும் மாற்றி, குழாயை வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டி, ஏர்கானை ஆறு மணி நேரம் ஓடவிட்டு அளந்ததில் கூட்டுத்தொகை 5.0ஐ விட்டு அசையவில்லை. கையேட்டின்படி ஜாய்ஸ்டிக்கின் நடுநிலையை மறுபடியும் அமைத்து, சுமை இல்லாமல் எல்லா அசைவுகளையும் பார்த்தாகிவிட்டது. பரிசோதகர் திங்கட்கிழமை வருகிறார். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் கிரேன் வேலைக்குப் போகும். சென்ற மாதம் கழற்றிப் போட்ட பழைய ஜாய்ஸ்டிக்கையும் மேசைமீது வைத்து அளந்தேன். இரண்டு அச்சிலும் ஒரு குறையும் இல்லை. அதன் பெட்டியின் மேல் 'கெட்டது' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஸ்டோரில் திரும்ப வைத்திருக்கிறேன்.